பதற்றமான குடும்பப் படத்துக்கு விமர்சனம் படிப்பதும் எழுதுவதும்

படம் முடிந்த கையோடு விமர்சனம் தேடாதீர்கள். எந்த இடத்தில் உங்களுக்கு வயிறு இறுகியது என்று முதலில் குறித்து வையுங்கள். அப்புறம் மற்றவர்களைப் படியுங்கள். வரிசை மாறினால் அவர்கள் சொன்னதே நீங்கள் உணர்ந்ததுபோல் ஆகிவிடும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஸாவியே லெக்ராங் இயக்கிய பிரெஞ்சுப் படமான 'கஸ்டடி'யை. 2017 வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிச் சிங்கம் விருது, 2019இல் சிறந்த படத்துக்கான சேசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருது. பிரிந்துவிட்ட கணவன் மனைவி, மகன் ஜூலியன் யாரிடம் இருப்பது என்ற வழக்கு. கதை இவ்வளவுதான்.

விமர்சனங்களில் 'உறைய வைக்கிறது', 'இருக்கை நுனி' என்று வந்தால் தாண்டிப் போங்கள். எந்தப் படத்துக்கும் ஒட்டும் சொற்கள் அவை. எந்த ஷாட், எந்தச் சத்தம் என்று காட்டும் வரியை மட்டும் அடிக்கோடிடுங்கள். இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. அப்பா வண்டி ஓட்டுகிறார், பக்கத்தில் பையன். சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. இசை செய்ய வேண்டிய வேலையை அந்த அற்ப ஒலி செய்துவிடுகிறது. இதைக் கவனித்து எழுதியவரை நான் நம்புவேன். அவர் படத்தைக் காதாலும் பார்த்திருக்கிறார்.

அடுத்து, விமர்சகர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். நீதிபதியின் அறையில் நடக்கும் முதல் காட்சியில் யார் சொல்வது உண்மை என்று நமக்குப் பிடிபடாது. கடைசிப் பகுதியோ திகில் படமாகவே மாறிவிடுகிறது. 'தி ஷைனிங்' என்ற திகில் படத்தின் பாதிப்பை இயக்குநரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த ஆரம்பக் குழப்பத்தை இப்படிக் கைவிடலாமா என்பது ஒரு தரப்பு. மனைவி சொன்னதை முதலில் சந்தேகித்த நம்மையும் சேர்த்துத்தான் படம் கேள்வி கேட்கிறது என்பது இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது பக்கம். ஆனால் முதல் தரப்பைப் படித்த பிறகு அந்த நீதிபதி அறைக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தால்தான் உங்கள் பக்கம் எது என்று தெரியும்.

நடிப்பைப் பற்றி எழுதும்போது 'மிரட்டியிருக்கிறார்' என்று முடித்துவிடாதீர்கள். கணவனாக நடித்த டெனி மெனோஷே மனைவியைக் கட்டிக்கொண்டு, தான் மாறிவிட்டதாகச் சொல்லி அழும் இடத்தைப் பாருங்கள். அழுகை நிஜம்தான். மனைவியாக நடித்த லேயா த்ருக்கேரின் உடம்போ விறைத்து நிற்கிறது. அந்த இரண்டு உடம்புகளையும் விவரித்தாலே போதும், அடைமொழி தேவைப்படாது.

முடிவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். இனிமேல் பார்க்கப்போகிறவருக்கும் அந்தப் பயம் முழுசாகக் கிடைக்கட்டும்.