கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகு: கிளினிக் திகதி வரை பொறுக்காதீர்கள்

கண்புரை சத்திரசிகிச்சை முடிந்து வீடு வருகிறவர்கள் விடும் பிழைகளில் என்னை மிகவும் பயமுறுத்துவது, கண் நோகத் தொடங்கிய பிறகும் அடுத்த கிளினிக் திகதி வரை பொறுத்திருப்பதுதான். முதல் ஓரிரு நாள் உறுத்தலும் லேசான சிவப்பும் இருக்கும். நாளுக்கு நாள் குறையும். குறையாமல் நோ கூடினால், பார்வை மங்கினால், பீளை தள்ளினால் கண்ணுக்குள் கிருமி தொற்றியிருக்கலாம். இது அரிது; வந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வரும். கண்ணுக்குள் ஊசியால் மருந்து ஏற்ற வேண்டிய நிலை அது. ஒரு நாள் தாமதமே பார்வையைப் பறிக்கக்கூடும். போயா நாளோ ஞாயிறோ, யாழ். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஒப்பரேஷன் நடந்த திகதியைச் சொல்லுங்கள். நெடுந்தீவுக்காரர் முதல் வாரம் யாழ். நகரில் உறவினர் வீட்டில் தங்கினால் நல்லது. நினைத்த நேரத்துக்குப் படகு கிடைக்காது.

“பிள்ளைகளுக்கு ஏன் கரைச்சல்” என்று நோவை மறைக்கும் அம்மம்மாமார் எத்தனையோ பேர். அதனால் நீங்களே தினமும் கேளுங்கள்: “நேற்றையைவிட நோகுதோ? மற்றக் கண்ணைப் பொத்தினால் என்ர முகம் தெரியுதோ?” மின்னல் வெட்டுவதுபோல ஒளி, திடீரென்று மிதக்கும் கறுப்புப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை விழுவது போன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை விலகுவதன் அறிகுறிகள். மாதங்கள் கழித்து வந்தாலும் அன்றே ஓட வேண்டும்.

அடுத்தது சொட்டு மருந்து. பார்வை தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கண்ணுக்குள் வரும் அழற்சியை (சிவந்து நோவதை) அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்தைச் சொன்னபடி படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினால் அது திரும்பும். சிலர் அதே போத்தலைப் பாமசியில் வாங்கி மாதக்கணக்கில் விடுகிறார்கள். அது கண்ணழுத்தத்தைக் கூட்டும். இரண்டு மருந்து இருந்தால் இடையில் 5 நிமிடம் விடுங்கள். போத்தல் நுனி இமையில் படக்கூடாது.

கிணற்றடியில் தலைக்கு அள்ளி வார்ப்பதை டொக்டர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடுவதும் அப்படித்தான். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடவே வேண்டாம். இரவில் கண்ணைக் காக்கும் கண்மூடியை (கவசத்தை) போட்டுப் படுங்கள்.

சில மாதமோ வருடமோ கழித்துப் பார்வை மங்கினால் “புரை திரும்ப வந்திட்டுது” என்று சோர்ந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். புரை திரும்ப வருவதில்லை. பொருத்திய லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறைதான் பெரும்பாலும் மங்கியிருக்கும். கத்தி வைக்காமல், சில நிமிட லேசர் சிகிச்சையில் அதைச் சரிசெய்யலாம்.