நாய்க்கு யாராவது விஷம் வைத்தால் என்ன செய்வது?

முதலில் ஒன்று, செத்த நாயை உடனே புதைத்துவிடாதீர்கள். எங்கள் மதுரை வில்லாபுரம் தெருவில் பாவம் பார்த்து அப்படித்தான் புதைத்தோம், அப்புறம் ஸ்டேஷனில் "விஷம்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டபோது வாயைத் திறக்க முடியவில்லை. கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் வழக்குக்கு முதுகெலும்பு. பக்கத்தில் கிடக்கும் கறித்துண்டை வெறும் கையால் தொடாமல் கவரில் போட்டு வையுங்கள், கிடந்த இடத்தோடு போட்டோவும் எடுங்கள். சிசிடிவி இருக்கிற வீட்டில் அன்றைக்கே கேளுங்கள், நாள் போனால் பதிவு அழிந்துபோகலாம். உயிர் இருந்தால் 1962க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ்.

புகாரில் எந்தச் சட்டம் என்பது முக்கியம். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், ஜிகர்தண்டா காசு! அதனால் பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 325ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது எல்லாம் அதில் வரும், 5 ஆண்டு வரை சிறை. தெருநாய்தானே என்பார்கள், சட்டத்தில் அந்தப் பாகுபாடு கிடையாது. விஷத்தில் செத்தது நாயில்லை, மயில் என்றால் வனத்துறைக்கும் சொல்லுங்கள்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் நகராதீர்கள். எஃப்ஐஆர் போட மறுத்தால் மதுரை நகரத்தில் போலீஸ் கமிஷனருக்கு, நகரத்துக்கு வெளியே மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மாவட்ட எஸ்பிக்கு, புகாரை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.