சாண்டா நிஜமா அப்பா? இந்த கேள்விக்கு முன்னாடியும் பின்னாடியும் நாம பண்ற தப்புங்க

டொரண்டோ பக்கம் குடி வந்து பதினோரு வருஷம் ஆச்சு. நவம்பர் பாதி தாண்டினா போதும், நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்த பேச்சு ஆரம்பிச்சிடும். பிள்ளை சாண்டா நிஜமானு கேக்குது, ஆமான்னா பெத்த பிள்ளைகிட்டயே பொய் சொல்ற மாதிரி இருக்கு, இல்லைன்னா கிளாஸ்ல எல்லா பிள்ளைக்கும் சாண்டா வர்றப்ப நம்மளது மட்டும் திருதிருன்னு முழிக்கும், என்னதான் பண்றது? எனக்கு ரெண்டு பேர், பெரியவளுக்கு 10, சின்னவனுக்கு 5. பெரியவகிட்ட வரிசையா சொதப்பி கத்துக்கிட்டதத்தான் இங்க கொட்டுறேன், சின்னவன்கிட்ட கொஞ்சம் சுதாரிச்சுட்டேன்.

என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடுறேன். எனக்கு சொந்த ஊர் பாளையங்கோட்டை. டிசம்பர் பொறந்தா எங்க தெருவுல கேரல் ரவுண்ட்ஸ் வரும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல சர்ச் வாலிபப் பசங்க கிடாரும் ட்ரம்ஸுமா வந்து நிப்பாங்க, கூடவே கிறிஸ்துமஸ் தாத்தா. பிளாஸ்டிக் முகமூடி, பஞ்சு தாடி, சிவப்பு அங்கிக்குள்ள தொப்பைக்குப் பதிலா ஒரு தலையணை, ஆடி ஆடி அது இடுப்புக்குக் கீழ நழுவித் தொங்கும். உள்ள இருக்கறது நம்ம தெரு அண்ணன்தான்னு நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், செருப்பப் பாத்தே எந்த அண்ணன்னு சொல்லிடுவோம். ஆனாலும் அவர் கிட்ட வந்து ஆடுனா அம்மா சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவோம், மிட்டாய் வீசுனா விழுந்தடிச்சு பொறுக்குவோம். எங்கள யாரும் உக்கார வச்சு நம்ப வைக்கல. அதனால சந்தோஷம் ஒரு துளி குறைஞ்சதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆக நான் சாண்டாவுக்கு எதிரி கிடையாது, விளையாட்டா விளையாடுங்க, தாராளமா. அத நிரூபிச்சே தீருவேன்னு கிளம்பறப்பதான் வம்பு ஆரம்பிக்குது.

மொத தப்பு, சாண்டாவ போலீஸ் ஆக்குறது. நம்ம ஊர்ல சோறு திங்காட்டி பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போவான்னு சொல்லுவோம்ல, அதே ஆள்தான், இங்க சிவப்பு சட்டை போட்டு வர்றார். "சண்டை போட்டா சாண்டா லிஸ்ட்ல உன் பேரு போயிடும்", "சாண்டா பாத்துட்டு இருக்கார்", இதெல்லாம் நானும் சொன்னவன்தான், டிசம்பர் மாசம் முழுக்க சொன்னேன். இதுல நாம யாருமே யோசிக்காத விஷயம், அந்த மிரட்டல நம்மால நிறைவேத்தவே முடியாது. பிள்ளை 24ஆம் தேதி வரைக்கும் ஆடுன ஆட்டத்துக்கு 25ஆம் தேதி காலைல மரத்தடில ஒண்ணும் வைக்காம இருக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்? வைப்போம். பிள்ளை அதுலருந்து கத்துக்கறது, இவங்க சும்மா சொல்றாங்கன்னு மட்டும்தான். இது போதாதுன்னு இப்ப அலமாரி மேல உக்காந்து சாண்டாவுக்காக வேவு பாக்குற எல்ஃப் பொம்மை வேற வந்துடுச்சு, ராத்திரி ராத்திரி எழுந்து அத இடம் மாத்தி வைக்கணும், மறந்தா காலைல கதை கட்டணும். யாருக்கு இந்த தண்டனைன்னு எனக்கு இன்னும் புரியல. மிரட்டுற பழக்கம் பழசுதான், ஹாலந்துல அந்தக் காலத்துல அடம்பிடிக்கிற பிள்ளைகள சாக்குல போட்டு ஸ்பெயினுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயமுறுத்துவாங்க, ஆஸ்திரியா பக்கம் கிராம்பஸ்னு கொம்பு வச்ச பேய் வருவான். அவங்க பண்ணாங்கன்னு நாமளும் பண்ணணுமா என்ன.

அடுத்தது பலரும் கவனிக்கவே கவனிக்காத தப்பு, பெரிய கிஃப்ட சாண்டா கணக்குல எழுதறது. எங்க பில்டிங்ல ஒரு பையன், புதுசா கனடா வந்த குடும்பம், அப்பா ராத்திரி ஷிஃப்ட் கிடங்கு வேலை. லீவு முடிஞ்சு ஸ்கூல் போனா கிளாஸ்ல ஒருத்தனுக்கு சாண்டா ஐபேட் குடுத்திருக்கார், இன்னொருத்திக்கு சைக்கிள், இவனுக்கு கையுறையும் ஒரு கலர் பென்சில் டப்பாவும். லிஃப்ட்ல அவங்க அம்மாகிட்ட கேட்டான், நான் என்ன தப்பு பண்ணேன்னு. அந்தம்மா மூஞ்சிய நான் பாக்கல, ஃபுளோர் நம்பர் மாறுறதையே பாத்துட்டு இருந்தேன், ஏன்னா அந்த சைக்கிள் எங்க வீட்டு சைக்கிள். அப்பா அம்மா காசுல வாங்குனதுன்னா பிள்ளைங்களுக்குப் புரியும், எல்லார் வீட்லயும் ஒரே மாதிரி காசு இருக்காதுன்னு ஆறு வயசுக்கே தெரியும். ஆனா நல்ல பிள்ளைக்குத்தான் சாண்டா குடுப்பார்னு சொல்லிட்டு அவர் பேர்ல ஐபேட் வச்சா, கையுறை வாங்குன பிள்ளை போடற கணக்கு வேற மாதிரி இருக்கும். இப்ப எங்க வீட்ல சாண்டா குடுக்கறது ஒரு புக்கு, ஒரு ஜோடி சாக்ஸ், கொஞ்சம் சாக்லேட். விலை ஜாஸ்தியானதெல்லாம் அப்பா அம்மா பேர்ல, கடன் கட்டப் போறது நாமதானே.

மால்ல சாண்டா மடியில பிள்ளைய உக்கார வச்சு போட்டோ எடுக்கறத பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. அழுதா எறக்கிடுங்க. தெரியாத ஆள்கிட்ட போகாதேன்னு வருஷம் பூரா சொல்லிட்டு அன்னிக்கு மட்டும் போ போன்னு தள்ளுனா பிள்ளை என்னதான் செய்யும்.

இப்ப மெயின் மேட்டர். பிள்ளை நிஜமாவே கேக்கறப்ப நாம பண்றது. நாலு வயசுல கேக்கறதும் ஏழு வயசுல கேக்கறதும் ஒண்ணு இல்ல. நாலு வயசுல "சாண்டா எப்படி எல்லா வீட்டுக்கும் ஒரே ராத்திரில போறார்"னு கேட்டா அது கதை கேக்கறது, மேல ரெண்டு வரி சேத்து சொல்லுன்னு அர்த்தம். என் பொண்ணு ஏழாவது வயசுல கேட்டா, நான் தோசைக்கல்ல தேச்சுட்டு இருந்தேன், பக்கத்துல வந்து நின்னு சத்தம் இல்லாம, "அப்பா, சாண்டா எழுதுன லெட்டர்ல ஏன் உன்ன மாதிரியே ழ எழுதியிருக்கு?" தமிழ் படிக்கட்டுமேன்னு நான்தான் சாண்டாவ தமிழ்ல எழுத வச்சேன், அந்த ழ-வோட வாலு என்ன காட்டிக் குடுத்துடுச்சு. அப்பவே சிரிச்சுட்டு ஒத்துக்கிட்டிருக்கணும். நான் என்ன பண்ணேன், வட துருவத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்கன்னு சொன்னேன். அதோட விட்டனா, அடுத்த நாள் கார்பெட்ல மைதா மாவு தூவி பூட்ஸ் தடம் போட்டேன், நோராட் சைட்ட தொறந்து, 24ஆம் தேதி சாண்டா வண்டி எங்க பறக்குதுன்னு இதுல காட்டுவாங்கன்னு சொன்னேன். அமெரிக்காவும் கனடாவும் சேந்து நடத்துற வான்படைக் காவல் அது, 1955லருந்து வருஷா வருஷம் இந்தக் கூத்து நடக்குது. ஒரு ராணுவமே சாட்சி சொல்றப்ப ஏழு வயசுப் பொண்ணு என்ன பண்ணுவா, வாய மூடிக்கிட்டா. ஆனா நம்பல. அவளே ஒரு சோதனை வச்சா. சாண்டாவுக்கு இன்னொரு லெட்டர் எழுதி, எங்ககிட்ட காட்டாம ஒட்டி, ஸ்கூல் போற வழியில இருக்கற தபால் பெட்டில போட்டுட்டா. கனடால சாண்டாவுக்கு தனி பின்கோடே இருக்கு, எச்0எச் 0எச்0, ஹோ ஹோ ஹோ மாதிரியே இருக்கும், ஸ்டாம்ப் கூட ஒட்ட வேண்டாம், தபால்காரங்க பதிலும் போடுவாங்க. பதில் வந்துச்சு, அன்பா அழகா இருந்துச்சு. ஆனா அவ கேட்டது பச்சைக் கலர் யோயோ, கிறிஸ்துமஸ் அன்னிக்கு வந்தது நான் வாங்கி வச்ச பெயின்ட் செட். அன்னிக்கு அவ ஒண்ணுமே சொல்லல, பெயின்ட் செட்ட தொறந்து விளையாடுனா. ஜனவரில ஒரு நாள் தான் சொன்னா, "யோயோ கேட்டேன்பா, உனக்குத் தெரியாதுல்ல." பொய் சொன்னதுக்கு அவ கோவப்படல. நேரா கேட்டப்ப மழுப்புனதுக்குத்தான் கோவம்.

இத ஆராய்ச்சி பண்ணவங்களும் இருக்காங்க. 1994ல ஆண்டர்சன், பிரெண்டிஸ்னு ரெண்டு பேர், சாண்டா நிஜமில்லன்னு கண்டுபிடிச்ச 52 பிள்ளைகளயும் அவங்க அப்பா அம்மாவையும் விசாரிச்சாங்க. பெரும்பாலும் ஏழு வயசு வாக்குல பிள்ளைங்க தாங்களாவே கண்டுபிடிச்சிருக்கு, தெரிஞ்சப்ப அதுங்களுக்கு பெரும்பாலும் நல்லாத்தான் இருந்திருக்கு, கவலைப்பட்டது அப்பா அம்மாதான். எனக்கு அப்படியே பொருந்துது. மாவு தூவுனது அவளுக்காக இல்ல, அவ வளந்துட்டாங்கறது எனக்குத்தான் தாங்கல.

இந்த மழுப்பல் வேலை நமக்கு மட்டும் சொந்தம்னு நினைக்காதீங்க. 1897ல நியூயார்க்ல எட்டு வயசுப் பொண்ணு வெர்ஜீனியா இதே கேள்விய கேட்டப்ப, அவங்கப்பா சன் பேப்பர்ல போட்டா அது உண்மைன்னு சொல்லி நைசா நழுவிட்டார். அவளும் பேப்பருக்கே எழுதிக் கேட்டா, பேப்பரும் ஆமா இருக்கார்னு தலையங்கமே போட்டுச்சு. பேர் வாங்குன பதில்தான், ஆனா கேள்வி அப்பாகிட்ட கேட்டது.

சரி, கேட்டா என்ன சொல்றது? நான் இப்ப பண்றது, "உனக்கு என்ன தோணுது?"ன்னு ஒரு தடவ திருப்பிக் கேப்பேன், ஒரே தடவ. கதை வேணும்னா பிள்ளையே கதையா பதில் சொல்லும். "எனக்கு நீதான்னு தோணுது, உண்மைய சொல்லு"ன்னா ஆமாம்னு சொல்லிட வேண்டியதுதான்.

இதுக்கு நேர் எதிர்த்தாப்புல ஒரு தப்பு இருக்கு, நம்ம ஆளுங்கள்ல கொள்கைக்காரங்க பண்றது. எங்க பிள்ளைகிட்ட பொய்யே சொல்ல மாட்டோம்னு மூணு வயசுலயே எல்லாத்தயும் உடைச்சு சொல்லிடுவாங்க. அதுல தப்பில்ல, இங்க யூத குடும்பம், முஸ்லிம் குடும்பம், ஏன், சில கிறிஸ்தவ குடும்பங்களே சாண்டா வச்சுக்கறதில்ல. ஆனா பாதிய சொல்லிட்டு விட்டுடறாங்க, மத்த வீட்ல இது ஒரு விளையாட்டு, நீ போய் கலைக்காதேன்னு சொல்றதில்ல. பிள்ளை ஸ்கூல்ல போய் வட்டமா உக்காந்திருக்கற கூட்டத்துல சாண்டா பொய்னு அறிவிக்கும், நாலு பிள்ளை அழும், சாயந்தரம் டீச்சர் போன். ஊர்லருந்து வீடியோ கால்ல வர்ற பாட்டிங்க இன்னொரு ரகம், எங்கம்மா ஸ்க்ரீன்ல கிஃப்ட பாத்ததும், "இது போன வாரம் உங்கப்பா ஆன்லைன்ல வாங்குனதுல்லா"ன்னு சொல்லிட்டாங்க, நல்ல வேளை சின்னவன் அப்ப பொம்மைக்கு பேட்டரி தேடிட்டு இருந்தான்.

சர்ச் போற குடும்பத்துல ஒரு பயம் இருக்கும், சாண்டா பொய்னா இயேசுவும் அப்படித்தானான்னு கேட்டுட்டா? ரெண்டயும் ஒரே மாதிரி சொன்னாத்தான் அந்த கேள்வி வரும். சாண்டாவ ஆரம்பத்துலருந்தே கதைல வர்ற ஆளா வையுங்க, கூடவே அந்தக் கதைக்கு மூலமான நிஜ ஆள பத்தியும் சொல்லுங்க, நாலாம் நூற்றாண்டுல மைராவுல பிஷப்பா இருந்த நிக்கோலஸ், இப்ப துருக்கில டெம்ரேன்னு சொல்ற ஊர். வரதட்சணை குடுக்க வழியில்லாத ஒரு அப்பனோட மூணு பொண்ணுங்களுக்காக ராத்திரில யாருக்கும் தெரியாம ஜன்னல் வழியா பொன் முடிச்சு போட்டார்னு கதை. நம்ம ஊருக்கு இத விட பொருத்தமான புனிதர் வேற யாருங்க. இங்க ஒரு அங்கிள் வருவார், சாண்டாவே கோக் கம்பெனி கண்டுபிடிச்சதுன்னு அடிச்சு விடுவார், அதுவும் சரியில்ல. 1931லருந்து கோக் விளம்பரத்துக்கு சண்ட்ப்ளோம்னு ஒரு ஓவியர் வரைஞ்ச படங்க அந்த உருவத்த ஊர் பூரா பரப்புச்சு, அவ்வளவுதான். அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் 1860கள்லயே வெள்ளைத் தாடி தாத்தாவ வரைய ஆரம்பிச்சுட்டார்.

உண்மை தெரிஞ்ச பிறகு, "இவ்ளோ நாள் நம்பிட்டு இருந்தியா லூசு"ன்னு மாமா சித்தப்பா முன்னாடி கிண்டல் பண்ணாதீங்க, அது அப்படியே மனசுல நிக்கும். அதுக்குப் பதிலா விளையாட்டுல இந்தப் பக்கம் இழுத்துக்கங்க. எங்க வீட்ல இப்ப லெட்டர் எழுதறது பெரியவதான், ழ-வுக்கு புது வாலு போட்டு பழகியிருக்கா. போன டிசம்பர் 24 ராத்திரி தம்பி தூங்குன பிறகு சாண்டாவுக்குன்னு தட்டுல வச்சிருந்த குக்கிய எடுத்து பாத்துட்டு என்கிட்ட நீட்டுனா. "நான் கடிச்சா பல்லு சின்னதா பதியும், அவன் கண்டுபிடிச்சிருவான். நீ கடிப்பா."