சாலிகார்னியாதானா? தொட்டிச் செடியைப் பார்த்துச் சொல்வது எப்படி

சாலிகார்னியா, உப்பு மண்ணில் வளரும் சதைப்பற்றான செடி. நம் செடி அந்தப் பேரினம்தானா என்று பார்க்க, சூப்பர்மார்க்கெட்டில் 'சம்ஃபயர்' என்று விற்கும் பொட்டலம் உதவாது. அதில் இருப்பது பூக்கும் முன் கிள்ளிய கொழுந்து. பேரினத்தைக் காட்டிக்கொடுப்பதோ பூ. விதை வாங்கி வளர்த்துவிடுங்கள். முளைக்கும்வரை நல்ல தண்ணீர், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. பகல் குறுகும்போது பூக்கும் செடி இது. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் சிறிதாக இருக்கும்போதே பூத்துவிடும். கீரைக்கு வளர்ப்பவர்களுக்கு எரிச்சல், நமக்கு வசதி.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு பிளேடு போதும். கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸை நான் சொல்லமாட்டேன். காற்றில் செடி லேசாக ஆடினாலே படம் மங்கிவிடும்.

படி 1: தண்டு கணுக்கணுவாக, கிளைகள் எதிரெதிராக இருக்க வேண்டும். இலையே இல்லாததுபோல் தெரியும். உண்மையில் இலைகள் செதிலாகக் குறுகித் தண்டோடு ஒட்டிப்போயிருக்கின்றன.

படி 2: குறுக்கே வெட்டினால் வெளியே சதை, நடுவில் நார்த்தண்டு.

படி 3: இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள், நிதானமாகப் பாருங்கள். கிளை நுனியில் கதிர் தடித்திருக்கும். இதழ்களைத் தேடாதீர்கள், கிடையாது. சதைக்குள் புதைந்த சிறு புள்ளிகள்தான் பூக்கள்; வெளியே நீட்டுவது ஒன்றோ இரண்டோ மகரந்தத்தாள்கள் மட்டுமே. செதிலுக்கு மேலே பெரும்பாலும் மூன்று பூக்கள். நடுப்பூ பெரிதாக மேலேறி, பக்கப் பூக்கள் அதன் கீழே நெருங்கி முக்கோணமாக நின்றால் சாலிகார்னியா. மூன்றும் ஒரே வரிசையில் நின்றால் அது சார்கோகார்னியா, அதாவது இதன் நெருங்கிய உறவான பல்லாண்டுச் செடி. காய்ந்த கதிரில் இது தெரியாது, பச்சையாகவே பாருங்கள்.

படி 4: சாலிகார்னியா ஓராண்டுச் செடி, எல்லாக் கிளையும் கதிரில் முடியும். அடித்தண்டு மரம்போல் இறுகி, பூக்காத கிளைகளும் இருந்தால் பல்லாண்டுச் செடி.

பின்சேர்க்கை: புலாவ் உபின் தீவின் செக் ஜாவா சதுப்புநிலத்தில் சாலிகார்னியாவைப் பார்த்ததாக ஒருவர் படம் அனுப்பியிருந்தார். தட்டையான இலையும் இளஞ்சிவப்புப் பூவும் இருப்பதால் அது செசுவியம் என்ற வேறொரு கடலோரச் செடி. அங்கே எதையும் பறிக்காதீர்கள்.

இன்னொருவரின் கைபேசியில் உள்ள, செடியை அடையாளம் காட்டும் செயலி சார்கோகார்னியாவையும் சாலிகார்னியா என்றே காட்டுகிறதாம். அதிலும் தவறில்லை. 2017-இல் வந்த ஒரு வகைப்பாடு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நான் பழைய பிரிவையே வைத்து எழுதியிருக்கிறேன்.