டர்பனில் பழைய வீடு எடுப்பவர்களுக்கு: கழிப்பறைக் கோப்பையின் பின்புறத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருபவர்களில் பலர் பெரீயா, கிளென்வுட், உம்பிலோ பகுதிகளின் பழைய அடுக்குமாடிகளில்தான் முதலில் குடியேறுகிறார்கள். வாடகை கட்டுப்படியாகும், அறைகள் விசாலமாக இருக்கும், பேருந்து வசதியும் உண்டு. ஆனால் இந்தக் கட்டடங்கள் பலவற்றில் கழிவுநீர் இறங்கும் குழாய் இன்னும் வார்ப்பிரும்பாகவே இருக்கிறது. பி.வி.சி. குழாயும் வெள்ளை சிமெண்டும் கண்டு பழகிய நாம், ஊரில் செய்ததையே இங்கும் செய்யச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் செய்யவிட்டதால் என் நண்பர் ஒருவர் தம் முன்பணத்தில் பெரும்பகுதியை இழந்தார். அடுத்து வருபவர்களுக்கும் அது நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

ஒப்பந்தம் பற்றிய விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி, நீங்கள் குடிபுகுமுன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு, குறைகளை எழுதி ஒப்பந்தத்துடன் இணைக்க வேண்டும். முன்பணத்தை அவர் வட்டி தரும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சுவர்க் கறையையும் உடைந்த கதவுப் பிடியையும் எழுதுகிறோமே தவிர, கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அங்கே பீங்கான் இரும்புக் குழாயின் வாய்க்குள் நுழையும் இடத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறதா, அதில் விரிசலோ ஈரமோ தெரிகிறதா, கோப்பையைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரில் இறங்கும் குழாயில் பெயிண்ட் உப்பியிருந்தாலோ நீளவாக்கில் துருக்கோடு ஓடினாலோ அதையும் எழுதுங்கள். இந்த ஊரின் உப்புக் காற்று இரும்பை வெளியிலிருந்து தின்னும்; சாக்கடை வாயு உள்சுவரின் ஈரத்தில் கந்தக அமிலமாக மாறி உள்ளிருந்து தின்னும்.

நண்பர் வீட்டில் கோப்பை இலேசாக ஆடியது, அடியில் நீர் கசிந்தது. அவர் வீட்டுக்காரருக்குத் தெரிவிக்காமல், நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்ன ஒருவரை அழைத்தார். வந்தவர் பதிவு பெற்ற பிளம்பர் அல்லர். வீட்டில் எது பழுதானாலும் கை வைக்கும் ஹேண்டிமேன். அவர் பழைய சிமெண்டை உளியும் சுத்தியலும் கொண்டு அடித்துப் பெயர்த்தார். கோப்பையைத் திரும்ப வைத்து, இடைவெளி முழுவதையும் வெள்ளை சிமெண்டால் நிரப்பி, மேலே சிலிக்கான் இழுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்வைக்கு வேலை சுத்தமாகவே இருந்தது. சில வாரங்களில் நாற்றம் தொடங்கியது. பிறகு கீழ்வீட்டுக் கூரையில் பழுப்புக் கறை படர்ந்தது. பிரித்துப் பார்த்தபோது, அவர் உளியால் அடித்ததில் இரும்புக் குழாயின் வாய் விளிம்பிலிருந்து வளைவு வரை விரிசல் ஓடியிருந்தது. சிமெண்ட் அதை மூடி மறைத்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் அந்தச் செலவை முன்பணத்தில் கழித்துக்கொண்டபோது, தாமே ஆள் வைத்துச் செய்த வேலை என்பதால் நண்பரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. குழுவில் ஒருவரைப் பரிந்துரைப்பவர்கள் அவருடைய வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு பரிந்துரைத்தால் நன்றாக இருக்கும் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு அதைச் சரிசெய்தவர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெரியவர். 1860இல் டுரூரோ கப்பலில் தொடங்கிய இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வருகைகளில் வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. பேச்சு ஆங்கிலம்தான், என்றாலும் 'தம்பி' என்றே அழைப்பார். இரும்புக் குழாய்களின் மூட்டில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றி அடைக்கும் வேலையை இளவயதில் கற்றவர். பழைய வார்ப்பிரும்பைக் கண்ணாடி என்று நினைத்துத் தொட வேண்டும் என்றார். அவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தபோது, நம்மவர் கையில் இப்படியொரு தொழில் தலைமுறைகளாக நிலைத்திருக்கிறதே என்று பெருமையாக இருந்தது.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருபவர் இதைச் செய்கிறாரா என்று கவனியுங்கள். தண்ணீரை அடைத்து, தொட்டியையும் கோப்பையையும் வற்றவைத்த பின், உடைக்க வேண்டியிருந்தால் பீங்கானைத்தான் உடைக்க வேண்டும். புதுக் கோப்பை வாங்கலாம், இரும்புக் குழாயின் வாயை வாங்க முடியாது. சில்லுகள் உள்ளே விழாமலும் வாயு மேலே வராமலும் குழாயில் துணியைச் செருகி வைத்து, ஒட்டியிருக்கும் சிமெண்டைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு விளிம்பைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். விரிசல் இல்லையென்றால், மடிப்புகள் கொண்ட ரப்பர் இணைப்பைப் பொருத்தலாம். இங்கே கடைக்காரர்கள் அதைப் பான் காலர் என்பார்கள். புதிய பிளாஸ்டிக் குழாய் 110 மில்லிமீட்டர் வெளிவிட்டம் கொண்டது, பழைய இரும்புக் குழாயோ 4 அங்குலக் கணக்கில் வார்த்தது. ஆகவே குழாயின் உள்விட்டத்தை அளந்த பிறகே காலரை வாங்க வேண்டும். அளவு பொருந்தாத காலரைத் திணித்துவிட்டு மிச்ச இடைவெளியைச் சிமெண்டால் நிரப்ப ஒருபோதும் விடாதீர்கள். கோப்பை சற்று அசைந்தாலும் ரப்பர் வளைந்து கொடுக்கும்; சிமெண்ட் வெடிக்கும்.

விரிசல் இருந்தால் அந்த வாயை நம்ப முடியாது. உறுதியான இரும்பு தொடங்கும் இடம்வரை வைர பிளேடு பொருத்திய கிரைண்டரால் அறுத்து, துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்புகள் உள்ள ரப்பர் கப்ளிங்கால் புதுக் குழாயை இணைக்க வேண்டும். அறுக்குமுன் மேல்மாடிகளிலிருந்து இறங்கும் குழாயின் எடையைத் தாங்குவதற்கு முட்டு அவசியம். வேலை முடிந்ததும் இணைப்பைச் சுற்றி டிஷ்யூ தாளை வைத்துப் பலமுறை ஃபிளஷ் செய்து பாருங்கள். தாள் நனைந்தால் கூலி கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஊரில்போல் குளியலறைத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். இங்கே பல வீடுகளில் அந்தத் தரையில் வடிகாலே கிடையாது; நீர் கீழ்வீட்டுக்கு இறங்கும், பழியோ கழிப்பறை இணைப்பின்மேல் விழும். எதிலிருந்து கசிகிறது என்ற ஐயம் வந்தால், தொட்டியில் உணவுச் சாயம் கலந்து ஃபிளஷ் செய்து, கசியும் நீரின் நிறத்தைப் பாருங்கள்.

கசிவைக் கண்டவுடன் படத்துடன் வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பல வீடுகளுக்குப் பொதுவான குழாயென்றால் அதைப் பராமரிக்க வேண்டியது அடுக்குமாடியின் பாடி கார்ப்பரேட், அதாவது வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த அமைப்பு. அவர்களிடம் பேச வேண்டியவரும் வீட்டுக்காரர்தான், நீங்கள் அல்ல. வரும் பிளம்பரிடம் பி.ஐ.ஆர்.பி. (பிளம்பர்களின் பதிவு வாரியம்) பதிவைக் கேளுங்கள், வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள், இணைப்பு திறந்திருக்கும்போதே படம் எடுங்கள். முன்பணத்தில் தகராறு வந்தால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி முறையிடலாம். இந்தப் படங்களும் கடிதங்களும்தான் அங்கே பேசும். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் மீண்டும் கூட்டாகப் பார்வையிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அன்று வீட்டுக்காரரைக் கோப்பைக்குப் பின்னால் குனிய வைத்து, டார்ச் அடித்துக் காட்டி, இணைப்பு காய்ந்திருக்கிறது என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள்.