வேலையை விடுமுன்: சந்தேகத்தைப் பிரிப்பது, நேரத்தைப் பிடிப்பது

காலை நாலரைக்கு எழுந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்று யாராவது சொன்னால் ராமேஸ்வரத்துக்காரர்களுக்குச் சிரிப்புதான் வரும். ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு வரும் கூட்டத்தை நம்பி டீ போடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிறவர் என்று பாதி ஊர் அந்நேரத்தில் விழித்துத்தான் இருக்கிறது, அதற்காக யாருக்கும் படம் வரைய நேரம் கிடைத்துவிடவில்லை. ஆகவே அந்த மாதிரி யோசனை எதுவும் இதில் இருக்காது.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் எங்கேயோ ஒரு ஐஸ் கம்பெனியிலோ ஏற்றுமதிக் கம்பெனியிலோ ஜவுளிக்கடையிலோ பள்ளிக்கூடத்திலோ சம்பளம் வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் படம் வரைவதையோ போட்டோ எடுப்பதையோ வீடியோ எடிட்டிங்கையோ பிழைப்பாக மாற்றிக்கொள்ளப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், இப்போது புத்தகங்களுக்கும் கடைகளுக்கும் படம் வரைந்து பிழைக்கிறேன். தன்மேல் வரும் சந்தேகமும் நேரம் போதாமையும் ஒன்றுக்கொன்று தீனி போடுகிற விஷயங்கள் என்பது என் கருத்து. வாரக்கணக்கில் பென்சிலைத் தொடாதபோதுதான் சந்தேகம் ஊறுகிறது, அது ஊறிவிட்டால் கிடைக்கிற ஒரு மணி நேரமும் போனைத் தள்ளிக்கொண்டே போய்விடுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்தச் சந்தேகம்?

ராத்திரி படுத்தபிறகு வருகிற "நம்மால் முடியுமா" என்ற எண்ணத்தை மொத்தமாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பணத்தைப் பற்றியதாக இருக்கும், இல்லை திறமையைப் பற்றி, இல்லை ஊர்ப்பேச்சைப் பற்றி. மூன்றுக்கும் மருந்து வேறு. பணக் கவலையோடு போய்த் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டால், பேச்சு முடிந்து வீட்டுக்கு வரும்போது கரண்ட் பில் அதே இடத்தில் இருக்கும்.

பணச் சந்தேகம் மனசு சம்பந்தப்பட்டதே இல்லை, வெறும் கணக்கு. அந்தக் கணக்கை இந்தக் கரையில் ஒவ்வொரு வருடமும் போடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அது எல்லாருக்கும் தெரியும், ஆகவே மாசி பங்குனியிலேயே எந்த நகையை வைப்பது, யாரிடம் கைமாற்று கேட்பது என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். அரசும் தடைக்கால நிவாரணம் தருகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். படம் வரைகிறவனுக்கு அப்படி நிவாரணம் கிடையாது, நாமேதான் சேர்க்க வேண்டும். தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள், அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு 61 நாள் செலவு என்னவோ அதுதான் முதல் இலக்கு, அது சேரும்வரை இருக்கிற வேலையில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்க வேண்டாம். இரண்டு தடைக்காலத்துக்கான தொகை, அதாவது 122 நாள் செலவு சேர்ந்தபிறகு வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். வாடகை, பால், பிள்ளைகள் பள்ளிக்கூடம், குழு லோன் தவணை எல்லாவற்றையும் போட்டுத்தான் கணக்கு, மனசுக்குள் போடுகிற உத்தேசக் கணக்கு உதவாது.

திறமைச் சந்தேகம் கொஞ்சம் சிக்கலானது. 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நன்றாகப் படித்து, நன்றாகச் சாதித்த பெண்களே "நான் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்" என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததை அதில் விவரித்தார்கள். ஆகவே அந்த எண்ணம் வருவதாலேயே உங்களுக்குத் திறமை இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "எல்லாருக்கும் வருவதுதானே" என்று விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் சில நேரம் நமக்கு நிஜமாகவே தெரியாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். படம் வரைகிறவராக இருந்தால் ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசத்துக்கு ஒரு நோட்டோடு போங்கள். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள், 18-ஆம் நூற்றாண்டு வேலை, போர்க்காட்சி இருக்கிறது, ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திப்பது இருக்கிறது, ராமாயணம் இருக்கிறது. ஏதாவது ஒரு சின்னப் பகுதியை எடுத்துக்கொண்டு பார்த்து வரையுங்கள். முடித்ததும் "நமக்கு வரையவே வரவில்லை" என்று எழுதாதீர்கள், எது வரவில்லை என்று எழுதுங்கள்: விரல்கள் வரவில்லை, பத்துப் பேரை ஒரே கட்டத்தில் அடைக்கத் தெரியவில்லை, குதிரையின் பின்னங்கால் எப்படி மடங்கும் என்று தெரியவில்லை. இப்போது உங்களிடம் இருப்பது சந்தேகம் இல்லை, பயிற்சிக்கான பட்டியல். போட்டோ எடுக்கிறவர் காரங்காடு அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது எடுத்த படங்களை வைத்து இதையே செய்யலாம், வெளிச்சம் எங்கே அடித்துப்போனது, எங்கே ஆடியது என்று. (கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கூடவே ஒன்று: இந்த உப்புக்காற்றில் லென்ஸைத் திறந்த பையில் வைக்காதீர்கள். இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டியோ புதிதாக மாற்றியோ போடுங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸுக்குச் செலவு செய்தால் மேலே சொன்ன 61 நாள் கணக்கில்தான் ஓட்டை விழும்.)

ஊர்ப்பேச்சு இருக்கிறதே, அதுதான் நிறைய பேரைத் திரும்ப கம்பெனிக்கே அனுப்புகிறது. டீக்கடையில் ஒரு மாமா கேட்பார்.

"என்ன மாப்ள, கம்பெனிக்குப் போறதில்லையாம்ல?"

"வீட்லேருந்தே வேலை பாக்குறேன் மாமா."

"வீட்லேருந்தா? சரி சரி."

அந்த இரண்டாவது "சரி"யில் ஒருநாள் வேலை கெட்டுவிடும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர், அப்படித் தீர்மானித்து வைத்தவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று காட்டினார். அதை டீக்கடைக்கும் பயன்படுத்தலாம். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரே ஒரு வரி தயாராக வைத்திருங்கள், அதில் ஆளும் வேலையும் தேதியும் இருக்கட்டும்: "கீழக்கரையில ஒரு கடைக்கு பை டிசைன் பண்றேன் மாமா, மாசக் கடைசியில முடிச்சுக் கொடுக்கணும்." கனவைப் பற்றிப் பேசாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். ஆர்டர் எதுவும் இல்லாத மாதத்தில் என்ன செய்வது? அப்போதும் தேதி சொல்லலாம், நீங்களே வைத்துக்கொண்ட தேதியாக இருந்தாலும் அது தேதிதான். அப்புறம் கலாம் ஐயா பிறந்த ஊர் என்பதால் யார் எதைத் தொடங்கினாலும் அவரை இழுத்து ஒரு பேச்சு வரும். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் கருப்பட்டிப் பாக்கெட்டுக்கு லேபிள் வரைகிறவனுக்கு அந்த அளவுகோல் வேண்டாம், காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நேரம்: தினமும் ஒரு மணி என்று வைக்காதீர்கள்

தினசரி அட்டவணை போடச் சொல்கிறவர்கள் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும் ஊரில் வாழ்கிறவர்கள். பாக் நீரிணைப் பக்கம் கடலுக்குப் போக விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கிறது. மீன் தொழிலை ஒட்டி வேலை பார்க்கிற எல்லாருக்கும், ஐஸ் உடைக்கிறவர் முதல் கணக்கு எழுதுகிறவர் வரை, வாரம் அப்படித்தான் மேடும் பள்ளமுமாக இருக்கும். படகு கரை சேர்கிற நாளில் ராத்திரி உட்கார்ந்து "ஒரு மணி நேரம் வரைந்தே தீருவேன்" என்றால் தூங்கித்தான் விழுவீர்கள், மறுநாள் அதற்கும் சேர்த்துச் சந்தேகம் வரும். ஆகவே வாரத்துக்கு இத்தனை மணி என்று வையுங்கள், ஏழு மணி என்று வைத்துக்கொள்வோம், அதில் ஐந்தை இரண்டு லேசான நாளில் அடைத்துவிடுங்கள். கனமான நாளுக்குப் பத்து நிமிட வேலை போதும், பில் அனுப்புவது, பென்சில் சீவுவது, நாளை வரையப்போவதற்கு மாதிரிப் படம் தேடி வைப்பது.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு துண்டுக் காகிதம். காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் தராது, படகுகள் கட்டியே கிடக்கும், கம்பெனியில் மத்தியானத்துக்கு மேல் வேலையே இருக்காது. திடீரென்று கையில் வருகிற இந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று யோசிப்பதிலேயே பாதி போய்விடும். அதனால் முன்கூட்டியே இரண்டு பட்டியல் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். ஒன்று டோக்கன் இல்லாத நாளுக்கு, மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலைகள். இன்னொன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளுக்கு, கம்ப்யூட்டர் இல்லாமல் காகிதத்தில் செய்யக்கூடியவை. மின்வாரியம் முந்தின நாளே அறிவித்துவிடுவதால் அது திட்டமிடச் சுலபமான நாள், திட்டுவதற்கான நாள் இல்லை.

தடைக்காலம் வேறு கணக்கு. அந்த 61 நாளில் நேரம் இருக்கும், ஊரில் பணம் இருக்காது. அப்போது உள்ளூர் ஆர்டர் தேடி அலைந்தால் யாரும் தரவில்லையே என்று நொந்துபோவீர்கள், அது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பே இல்லை, ஊரின் பணப்பை காலி, அவ்வளவுதான். அந்த மாதங்களை மாதிரி வேலைகளைச் செய்து சேர்க்கவும் வெளியூர் ஆட்களுக்கு அனுப்பவும் வைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ், ஓட்டல், வேன் வாடகை என்று கோயில் கூட்டத்தை நம்பி இருப்பவர்களுக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரங்களில் காலண்டரில் பெரிய சைபர் போட்டுவிடச் சொல்வேன். வரையவில்லை என்று வருத்தப்பட வேண்டியதே இல்லை, முன்பே விட்ட லீவு அது.

வளைகுடாவில் வாடிக்கையாளர் இருந்தால் ஒரு சௌகரியம் உண்டு, கீழக்கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை. அங்கே ஒன்பதுக்கு ஆபீஸ் திறந்தால் இங்கே பத்தரை, இல்லை பதினொன்றரை. அதுவரை யாரும் வாட்ஸ்அப்பில் திருத்தம் கேட்க மாட்டார்கள், அந்தக் காலை நேரம் முழுக்க வரைவதற்குத்தான்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் எல்லாரும் சறுக்குவார்கள். எடுத்த வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், நினைத்த மணி, ஆன மணி. லேபிளுக்கு ஆறு என்று நினைத்தது ஒன்பது ஆனால் உங்கள் கணக்கு ஒன்றரை மடங்கு, அடுத்த தடவை விலையும் தேதியும் அதை வைத்தே சொல்லுங்கள். திருத்தம் இரண்டு தடவை வரை, மூன்றாவதுக்குத் தனிக் காசு என்பதையும் முதல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள்.

விடுவதா, குறைப்பதா

ஒரேயடியாக விடச் சொல்ல மாட்டேன். பழைய வேலையில் எந்தத் துண்டு தனியாக விற்குமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு தெரிந்தவருக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் இருக்கிறது, பெரும்பாலும் மாதம் 11, 20 தேதிகளை ஒட்டித்தான் நெருக்கடி, நாலைந்து கடைக்குச் செய்தால் அரிசி பருப்பு நடந்துவிடும், மற்ற நாள் உங்களுடையது. ஆசிரியராக இருந்தால் டியூஷன். முதலாளியிடம் "விடுகிறேன்" என்று சொல்வதற்கு முன் "அரை நாள் வரட்டுமா" என்று கேளுங்கள், சின்னக் கம்பெனிகளில் நம்பிக்கையான ஆளை முழுசாக இழக்க யாரும் விரும்புவதில்லை.

கடைசியாக, சொந்தக்காரர்கள். நீங்கள் வரைகிறீர்கள் என்று தெரிந்த அன்றே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கடைத் திறப்பு போஸ்டர் என்று இலவச வேலை வரிசையாக வரும், உங்கள் வாராந்திர ஏழு மணியும் அதிலேயே கரைந்துபோகும். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் முடியாது, நாளைக்கு அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: "சித்தி, கண்டிப்பா பண்ணித் தர்றேன், இதையே என் மொய்யா எழுதிக்கங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், மீதிப் பேர் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.