புதிய தொலைத்தொடர்பு வசதியை மக்களிடம் கொண்டுபோகும்போது செய்யக்கூடாத தவறுகள்

1998 நவம்பரில் இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவை தொடங்கியது. விண்ணில் 66 செயற்கைக்கோள்கள். செலவு ஏறக்குறைய 500 கோடி டாலர். பாலைவனத்தில் நின்றும் பேசலாம், நடுக்கடலில் இருந்தும் பேசலாம். அடுத்த ஆகஸ்டில் அந்த நிறுவனம் திவாலானது.

செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றி அழைப்பைக் கடத்தும் அந்த ஏற்பாடு இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது. ஆனால் கைக்கருவி 3,000 டாலர். பேச நிமிடத்துக்குச் சில டாலர். செங்கல் கனம். வானம் நேராகத் தெரிந்தால்தான் வேலை செய்யும். நாடு நாடாகப் பறக்கும் வணிகர் இதை வாங்குவார் என்று நம்பினார்கள். அவரோ பகல் முழுக்க அலுவலகத்திலும் ஹோட்டலிலும் இருப்பவர். அதோடு, 1987இல் இந்தத் திட்டம் முளைத்தபோது அரிதாக இருந்த செல்பேசி, பதினோரு வருடத்தில் அவர் போகும் நகரங்களுக்கெல்லாம் வந்துவிட்டது.

வாங்குபவர் மனதில் ஓடும் கேள்வி எளிமையானது: இப்போது கையில் இருப்பதைவிட இது எனக்கு எதில் மேல், இதற்காக நான் எதை விட வேண்டும்? இந்தக் கணக்கை அவர் பக்கம் உட்கார்ந்து போடாததுதான் கீழே சொல்லும் தவறுகளுக்கெல்லாம் வேர்.

"நல்லா இருக்கே" என்பதை நம்புவது

1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி பிக்சர்ஃபோனை வைத்தது. முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி. பார்க்க வந்தவர்கள் முயன்று பார்த்து வியந்தார்கள். 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் வணிகச் சேவையாக வந்தபோது மாதக் கட்டணம் 160 டாலர், அதுவும் 30 நிமிடப் பேச்சுக்கு. சில நூறு கருவிகளைத் தாண்டவே இல்லை.

கண்காட்சியில் வியப்பவர் காசு கொடுப்பதில்லை, வீட்டில் எதையும் மாற்றுவதுமில்லை. "இது வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் நம் முகத்துக்காகவாவது ஆமாம் என்பார்கள். அதற்குப் பதில், போன வாரம் இந்த வேலையை எப்படிச் செய்தீர்கள், அதில் எங்கே சிக்கினீர்கள் என்று கேளுங்கள். சிக்கலே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பிக்சர்ஃபோனுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. என்னிடம் மட்டும் இருந்து பயனில்லை. நான் அழைக்க வேண்டியவரிடமும் அது இருக்க வேண்டும். மிக்ஸி வாங்குவதற்கும் தொலைத்தொடர்பு வசதி வாங்குவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. ஆகவே ஊர் முழுக்க ஆயிரம் பேரைத் தனித்தனியாகப் பிடிப்பதைவிட, தினமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐம்பது பேரைச் சேர்ந்தாற்போல் கொண்டுவருவது மேல். ஜியோஃபோன் 2017இல் வந்தது. 1,500 ரூபாய் முன்பணம், அதையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். விலை தடையே இல்லை. ஆனால் வாட்ஸ்அப் இல்லை, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்ததோ அங்கேதான். மறு வருடம் அந்த போனிலும் வாட்ஸ்அப் வந்தது.

தொகையை மட்டும் குறைப்பது

1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். இந்தியாவில் செல்பேசி அப்படித்தான் தொடங்கியது. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது என்பது பலருக்கு நினைவிருக்கும். அதைவிட மோசமான விஷயம், வரும் அழைப்புக்கும் காசு. யார் எப்போது கூப்பிடுவார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பது நம் கையில் இல்லை. மாதச் சம்பளக்காரரை இதைவிடப் பயமுறுத்த முடியாது. நம்பரைப் பார்த்துக் கட் செய்துவிட்டு, பக்கத்து பிசிஓ பூத்துக்கு ஓடிப்போய்த் திருப்பி அழைத்தவர்கள் உண்டு.

2003 மே மாதம் முதல் அழைப்பவர் மட்டும் கட்டினால் போதும் என்றானது. அதன்பிறகு போனை வைத்திருப்பதற்குப் பயம் போய்விட்டது. பேசக் காசில்லாதவர்களும் மிஸ்டு கால் கொடுத்தே விஷயத்தைச் சொன்னார்கள்: ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் வந்துசேர்ந்தேன். பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு டாப்-அப் கிடைத்ததும் இப்படித்தான் உதவியது. நாள்கூலி வாங்குபவருக்கு மாத பில் ஒத்துவராது. வருமானம் எந்த அளவில், எந்த இடைவெளியில் வருகிறதோ, கட்டணமும் அப்படி இருந்தால்தான் கட்டுபடியாகும்.

ஆய்வு மாணவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு மாதிரி (model) இரண்டு கேள்விகளில் நிற்கிறது: பயன் உண்டா, பயன்படுத்த எளிதா. அது அலுவலகக் கணினிக்காகப் பிறந்தது. அங்கே காசு போடுவது நிறுவனம். சொந்தப் பையிலிருந்து காசு போகும் இடத்தில் அதை அப்படியே பொருத்தினால் கேள்வித்தாளில் விலையே இருக்காது. விஸ்வநாத் வெங்கடேஷும் அவருடைய சகாக்களும் 2012இல் விலையையும் பழக்கத்தையும் தங்கள் மாதிரியில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது.

பறிபோவதைச் சொல்லாமல் விடுவது

எங்கள் வீட்டில் பல வருடம் இருந்த செம்புக் கம்பி லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்பு கொடுத்தார்கள். வந்த தம்பி வேகத்தை அளந்து காட்டினார், எங்களுக்கும் சந்தோஷம். அந்த வாரமே மழை, கரண்ட் போனது. அப்பா போனை எடுத்தார். டயல் டோன் இல்லை.

பழைய லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பியிலேயே வந்துவிடும். ஃபைபரில் வருவது ஒளி மட்டும்; மோடத்துக்கு நாம்தான் மின்சாரம் தர வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை. ராத்திரியில் டாக்டரைக் கூப்பிட அப்பா நம்பியிருந்தது அந்த போனைத்தான். ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தோம், சரியாகிவிட்டது. அப்பாவுக்கு அதன்மேல் நம்பிக்கை திரும்பத்தான் ஒரு வருடம் ஆனது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் தேவைப்பட்டிருக்காது. வயதானவர்கள் புதியதை ஏற்க மாட்டார்கள் என்று இதைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. கரண்ட் போனாலும் போன் வேலை செய்ய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தது நியாயம்தான்.

ஓரிடத்து வெற்றியை அப்படியே பெயர்த்து நடுவது

கென்யாவில் எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை 2007இல் தொடங்கியது. முதலில் அதைச் சிறுகடன் தவணை கட்டும் வசதியாகத்தான் சோதித்தார்கள். சோதனையில் இருந்தவர்களோ அதை வைத்து ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். நகரத்தில் வேலை, ஊரில் குடும்பம், பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. நிறுவனம் இதைக் கவனித்துத் திட்டத்தையே மாற்றி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழியாக அதை வெளியிட்டது. பணத்தைக் கட்டவும் எடுக்கவும் தெருமுனைக் கடைக்காரர்களே முகவர்கள் ஆனார்கள்.

அதே எம்-பெசா 2010இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே வங்கிக் கணக்கும் ஏடிஎம்மும் எவ்வளவோ பேருக்கு ஏற்கனவே இருந்தன, வங்கி விதிகளும் இறுக்கம். தொழில்நுட்பம் அதேதான், ஆனால் அது தீர்த்துவைக்க வந்த கஷ்டம் அங்கே அந்த அளவுக்கு இல்லை. 2016இல் சேவையை மூடிவிட்டார்கள்.